தொட்டிக்காரனின் மகள்

எங்கள் வீட்டில் டம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீர் ஒருபோதும் அசையாமல் இருந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் 'தறிக்குடோனில்' விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால், தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். சோமனூரில் பிறந்த பிள்ளைகளுக்குச் சத்தம் என்பது காதால் கேட்கிற சங்கதி இல்லை. உள்ளங்காலில் ஏறி, முழங்கால் வழியாகப் பல்லுக்கு வந்து சேர்கிற ஒன்று. வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அரை மணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். எங்களுக்கோ தறி நின்றால்தான் தலை வலிக்கும். "தறிச் சத்தம் நின்னா அடுப்புச் சத்தமும் நின்னுபோகும்" என்பார் அப்பா. அவர் சொன்னதில் பலவற்றை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, போட்டாலும் அந்தச் சத்தத்தில் விழுந்திருக்காது. ஆனால் இது மட்டும் மனசில் தங்கிவிட்டது.

அந்த வீட்டுக்குள் கேபிள் டிவி வந்தபோது என்ன நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். வேலையையும் படத்தையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக அப்பா டிவியைக் குடோன் வாசலைப் பார்த்தபடி முன்னறையில் வைத்தார். ஒலியை எவ்வளவு கூட்டினாலும் ஒரு வார்த்தை புரியாது. கரண்டு போனால் தறி நிற்கும், கேட்கலாம்தான். ஆனால் டிவியும் சேர்ந்தே நின்றுபோகும். கரண்டு வந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். ஆக, படம் பார்க்கக் கொடுத்து வைத்திருந்த எங்களுக்கு, அதில் இருந்தவர்கள் பேசிக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

அப்படித்தான் அந்த வெளிநாட்டுத் தொடரையும் பார்த்தோம். புதன்கிழமை சாயங்காலம், தமிழில் பேச வைத்து ஒளிபரப்பினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு என்னவோ பெயர். காலத்தில் முன்னும் பின்னும் பறந்து போகிற ஒரு கலம், அதற்கு ஒரு தலைவன், கூட ஒரு பெண், ஒரு கிழவர். கலம் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் போல உருண்டையாக இருந்ததால் நாங்கள் அதற்கு 'தொட்டி' என்றும் தலைவனுக்கு 'தொட்டிக்காரன்' என்றும் பெயர் வைத்தோம். வாராவாரம் ஒரு கிரகம், ஒரு விதமான விகார ஜந்து, துப்பாக்கி முனையில் பச்சை வெளிச்சம். தெருப் பிள்ளைகள் மொத்தமும் எங்கள் வாசலில்தான் கிடக்கும். தறி ஓட்டிய பழனிச்சாமி அண்ணன், பச்சை வெளிச்சம் வந்தால் ஓடுகிற தறியை விட்டுவிட்டு வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போவார்; அந்தப் புதன்கிழமைகளில் எங்கள் துணியில் இழை விடுபட்டிருந்தால் அதற்குத் தொட்டிக்காரன்தான் பொறுப்பு.

கதை சொன்னது ஈஸ்வரியக்கா. ஊடை நூலைக் குச்சிகளில் சுற்றித் தருகிற 'தார்' வேலை அவருக்கு. அந்தச் சுற்றும் மெஷின் குடோன் வாசலை ஒட்டி இருந்ததால் டிவி நேராகத் தெரியும். தறிக்காரர்கள் எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். எட்டு முழத்துக்கு அப்பால் நிற்பவரிடம் 'நூல் அறுந்துபோச்சு, டீ வந்தாச்சு, முதலாளி வர்றார்' என்று மூன்று சேதியை மூன்று விரலில் சொல்லி முடிப்பார்கள். அந்தப் பாஷையில் ஈஸ்வரியக்காவை மிஞ்ச ஆளில்லை. காற்றில் ஒரு வட்டம் போட்டால் தொட்டிக்காரன். தோளுக்குப் பின்னால் கையை வீசினால் நடந்து முடிந்த காலம். உள்ளங்கையை இடுப்பு உயரத்தில் கவிழ்த்துப் பிடித்தால் குழந்தை. ஒரு கை தாரில் இருக்க, மறு கை எங்களுக்குக் கதை சொல்லும்.

அந்தக் கதை அவருடையது. தொட்டிக்காரன் ஒவ்வொரு ஊரிலும் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பான், முகம் வாடும், பிறகு உள்ளே வைத்துக்கொள்வான். அது அவன் மகளின் படம் என்றார் ஈஸ்வரியக்கா. இடுப்பு உயர மகள். இவன் கவனிக்காத ஒரு நாளில் போய்விட்டாள். அந்த நாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல்தான் கிரகம் கிரகமாக அலைகிறான். வழி கேட்கப் போகிற இடத்தில்தான் இந்தச் சண்டையெல்லாம். என்றைக்காவது அந்த நாளுக்குப் போய்ச் சேருவான், மகளைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டுக்கொண்டு வருவான். எங்களில் ஒருவருக்கும் இதில் சந்தேகம் இருந்ததில்லை. கண்ணெதிரே அவன் அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறானே.

ஈஸ்வரியக்காவுக்குக் குமார் என்று ஒரு தம்பி இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குத் தேய்க்க ஷாம்பு பாக்கெட் வாங்கி வரும்படி அவனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார். கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். நூல் மூட்டை ஏற்றிய லாரி வந்தது. இதை அம்மா எனக்கு ஒரே ஒரு முறை, அரிசி களைந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஈஸ்வரியக்கா அதன் பிறகு தலைக்குச் சீயக்காய் தவிர எதையும் தொட்டதில்லை. தம்பியைப் பற்றிப் பேசியதும் இல்லை. ஆனால் மகள் என்று உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது அந்தக் கை ஒரு விரற்கடை கூட மேலேயோ கீழேயோ போகாது. அந்த உயரம் அவருக்குத் தெரிந்த உயரம் என்று எனக்குப் புரிந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். புரிந்ததை வெளியில் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் கூடவே புரிந்தது.

அந்த வருஷம் நூல் கொடுக்கிற வியாபாரிகளிடம் கூலி உயர்வு கேட்டுத் தறிக்காரர்கள் எல்லோரும் தறியை நிறுத்தினார்கள். ஊரே ஊமையானது. காக்கை கத்துவதும் பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடிப்பதும் கேட்டன. டம்ளர் தண்ணீர் அசையாமல் கிடந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அடுப்புச் சத்தம் நிற்கவில்லைதான், ஆனால் குறைந்தது. அந்த வாரப் புதன்கிழமை, வேலை இல்லாததால் பழனிச்சாமி அண்ணன் குடும்பத்தோடு வந்துவிட்டார். தெருவே முன்னறையில் உட்கார்ந்தது. ஈஸ்வரியக்கா தன் வழக்கமான ஸ்டூலைக் குடோனிலிருந்து எடுத்து வந்து டிவியும் நாங்களும் தெரியும்படி ஓரமாகப் போட்டுக்கொண்டார். அப்பா டிவியைப் போட்டார். வருஷக்கணக்கில் உச்சத்தில் வைத்திருந்த ஒலி அலறிக்கொண்டு வெளியே விழுந்தது. எல்லோரும் திடுக்கிட்டோம், அப்பா ஓடிப்போய்க் குறைத்தார்.

அன்றைக்குப் பார்த்துத் தொட்டிக்காரன் வேறு கிரகத்துக்குப் போகவில்லை. பின்னால் போனான். குதிரை வண்டியும் கல் வீடுகளுமாக ஆற்றங்கரையில் ஒரு பழைய ஊர். ரொட்டி சுடுகிறவனின் மகள், சின்னப் பெண், அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினாள். அவள் திரையில் வந்ததும் ஈஸ்வரியக்காவின் கை தானாக மேலே எழுந்து, காற்றில் ஒரு வட்டம் போட்டு, தோளுக்குப் பின்னால் போய்த் திரும்பி, இடுப்பு உயரத்தில் கவிழ்ந்து நின்றது. கண்டுபிடித்துவிட்டான். எங்கள் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

தொட்டிக்காரன் பேசினான். நாங்கள் அவன் குரலைக் கேட்டது அன்றுதான். கோயில் ஒலிபெருக்கியில் காணாமற்போன சாவிக்கு அறிவிப்புச் சொல்கிறவர் குரல் மாதிரி இருந்தது. கூட வந்த பெண்ணிடம் சொன்னான்: நாளை கரை உடையும், இந்த ஊர் இருக்காது, சரித்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவள் அழுதாள். எல்லோரையும் வேண்டாம், இந்தக் குழந்தையை மட்டுமாவது அழைத்துப் போகலாம் என்று கெஞ்சினாள். அவன் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான், முகம் வாடியது, எல்லாம் நாங்கள் பார்த்துப் பழகிய மாதிரியே. "நேரமாகிவிட்டது. இந்தக் கருவியில் நமக்கு இருப்பது இன்னும் சில நிமிடங்கள்தான். நடந்ததை யாரும் தொடக் கூடாது" என்றான். மகள் படமில்லை. இத்தனை நாளும் அவன் மணி பார்த்திருக்கிறான்.

அந்தச் சின்னப் பெண் கரையில் நின்று கையசைத்தாள். தொட்டி மேலே போனது. எழுத்து ஓடியது.

முதலில் வாய் திறந்தது பழனிச்சாமி அண்ணன். "ஏனுங்க, காசு குடுத்துக் கேபிளு போட்டா வண்டியும் குதிரையும் காட்டறானுங்க. இதப் பாக்கறதுக்கு நான் பொள்ளாச்சிச் சந்தைக்கே போயிருப்பனுங்க" என்றார். பையன்கள் ஒரு தடவைகூடச் சுடவில்லை என்று அலுத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் டிவியைப் பார்த்து, அந்தப் புள்ளையை ஒரு கையில் தூக்கி உள்ளே போட எவ்வளவு நேரம் ஆகும், கையென்ன தேய்ந்தா போகும் என்று சண்டை பிடித்தார். அப்பா, கதைதானே என்றார். மறுநாள் பள்ளிக்கூடத்திலும் இதே பேச்சு; தொடரிலேயே இதுதான் உருப்படாத வாரம் என்று முடிவானது. நான் மட்டும் அடுத்த புதன்கிழமை அவன் திரும்பிப் போவான் என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்னேன். கரை உடைவதற்குள் போய்விடுவான், அவனிடம்தான் தொட்டி இருக்கிறதே.

ஈஸ்வரியக்காவின் கவிழ்ந்த கை எப்போது மடிக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை. ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்க் குடோனில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாரேங்க என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை தொட்டிக்காரன் வேறு கிரகத்தில் இருந்தான். பச்சை வெளிச்சம் தாராளமாக வந்தது, பையன்கள் கைதட்டினார்கள். அந்த ஊரைப் பற்றியோ அந்தப் பெண்ணைப் பற்றியோ தொடரில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈஸ்வரியக்கா வரவில்லை. பிறகு பேச்சுவார்த்தை முடிந்து, கேட்டதில் பாதி கிடைத்து, தறிகள் ஓடத் தொடங்கின. தண்ணீர் நடுங்கியது, டிவி பழையபடி ஊமையானது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன்; சத்தம் வந்துவிட்டதால் பழைய கதையும் வந்துவிடும் என்கிற குழந்தைக் கணக்கு. ஆனால் ஈஸ்வரியக்கா ஸ்டூலைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். நான் போய் முன்னால் நின்று காற்றில் வட்டம் போட்டுக் காட்டினேன். அவர் தார்க்குச்சியைப் பார்த்தபடியே, நூல் தீர்ந்துபோனால் காட்டுகிற சைகையைக் காட்டினார். அதற்கப்புறம் நாங்கள் பார்த்ததெல்லாம் வாயசைக்கிற மனிதர்கள்தான்.

இப்போது அந்தத் தொடர் முழுக்கச் செல்போனில் கிடைக்கிறது. அதற்கென்று ரசிகர் பக்கங்கள் இருக்கின்றன. எங்கள் ஊர் உருப்படாத வாரம் என்று ஒதுக்கியதைத்தான் அங்கே எல்லோரும் தலையில் வைத்து ஆடுகிறார்கள். அந்தக் கடைசிக் கையசைப்பைப் பார்த்து அழாதவன் மனிதனே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கடமைக்கும் கருணைக்கும் நடுவில் தலைவன் தவித்ததை இன்னொருவர் பக்கம் பக்கமாக அலசியிருக்கிறார். தொட்டிக்காரனுக்கு ஒரு மகள் இருந்ததாக நாங்கள் சின்ன வயதில் நம்பினோம் என்று நானும் எழுதினேன். அப்படி ஒரு மகள் எந்தப் பாகத்திலும் கிடையாது, வேறு தொடரோடு குழப்பிக்கொள்கிறீர்கள் என்று உடனே திருத்திவிட்டார்கள். ஒருநாள் ஒலியை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தறிகளை அப்பா எடைக்குப் போட்டு வெகுகாலம் ஆகிறது, குடோனில் யாரோ பார்சல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நிசப்தத்தில் அவன் மணி பார்ப்பது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

போன மாதம் சூலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஈஸ்வரியக்கா வீட்டுக்குப் போனேன். அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தறிச் சத்தம் அவர் காதையும் கொண்டு போய்விட்டது, அப்பாவின் காதைப் போலவே. மகன் சத்தமாகக் கத்தி நான் யாரென்று சொல்ல, அம்மணியா, கண்ணு, என்று என் கன்னத்தைத் தடவினார். டிவியில் ஏதோ சீரியல் ஒலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குத்தான் கேட்காதே, ஒலி எதற்கு என்றான் மகன்.

கத்திப் பேச எனக்கு மனசு வரவில்லை. கையைத் தூக்கிக் காற்றில் ஒரு வட்டம் போட்டேன். உள்ளங்கையை இடுப்பு உயரத்தில் கவிழ்த்துப் பிடித்தேன். நினைவிருக்கிறதா என்று கேட்பதற்குத்தான். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காது போனவர்கள் பேசுகிற உரத்த குரலில், பக்கத்து வீடுவரை கேட்கும்படி சொன்னார்:

"போக முடியலீன்னா வுட்டுரலாம் கண்ணு. அந்த நாளைக்கே போனானே. போய், அந்தப் புள்ள கையப் புடிச்சு நடந்துபோட்டு, சும்மா வந்துட்டான்."

என் கை இன்னும் இடுப்பு உயரத்திலேயே இருந்தது. அவர் அதைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டு, காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டார்.