எடைக்குப் போகாத மில்லிங் மெஷின்

கடந்த ஓராண்டில் நடந்தவை:

1. போன தை மாதம் அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார்.
2. அரியமங்கலத்தில் அவர் நடத்திய ஒர்க்‌ஷாப்பின் லேத்தும் டிரில்லிங் மெஷினும் நல்ல விலைக்குப் போயின.
3. இரும்பைச் சீவி வடிவமைக்கும் மில்லிங் மெஷினை யாரும் கேட்கவில்லை.
4. இட உரிமையாளர் மார்கழி முடிவதற்குள் ஷெட்டைக் காலி செய்து தரச் சொன்னார்.
5. பழைய இரும்புக் கடைக்காரர் மெஷினை எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, லாரி அனுப்ப நாள் கேட்டார்.

எடைக்குப் போடுவதில் அம்மாவுக்குத் துளியும் சம்மதமில்லை. எனக்கும்தான். லால்குடியில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, பல பட்டறைகளில் கூலிக்கு நின்ற அப்பா, சொந்தமாக வாங்கிய முதல் மெஷின் அது. எங்கள் ஸ்ரீரங்கம் வீடும் என் இன்ஜினீயரிங் படிப்பும் அதில் ஓடிய வேலையால் வந்தவை. ஆனால் மெஷின் முழுதாக இல்லை.

அதற்குக் காரணமும் அப்பாதான். மில்லிங் வேலை குறைந்த பிறகு, வீட்டில் எது பழுதானாலும் அதிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வருவார். அம்மா இட்லி மாவு அரைத்து விற்பவர். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காக ஓட்டல்கள் மாவு கேட்டிருந்த சமயத்தில் கிரைண்டர் மோட்டார் எரிந்துபோனது. அப்பா மில்லிங் மெஷினின் மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டி, இரண்டு நாளைக்குத்தான் என்றார். இன்றும் அதுதான் மாவு அரைக்கிறது. மெஷினில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், எங்கள் சமையலறையில் தேங்காய்த் துருவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கைச்சக்கரம் கிரைண்டரைச் சாய்க்க உதவுகிறது.

இதே ரகப் பழைய மெஷின் முழுதாக இருந்தால் என்ன விலை என்று துவாக்குடியில் விசாரித்தேன். இல்லாதவற்றை வாங்கும் செலவைக் கழித்தேன். வாங்குபவரின் அலைச்சலுக்கும் கொஞ்சம் கழித்தேன். அப்படியும் எடைக்குக் கிடைப்பதைவிட நன்றாகவே வந்தது. கிரைண்டருக்குப் புது மோட்டார் வாங்கிவிட்டுப் பழையதை மெஷினில் மாட்டினால் இன்னும் லாபம் என்று அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கணக்கு சரிதான்டி. மோட்டார் வராது."

சித்தப்பாவின் யோசனை வேறு. "பாப்பா, பச்சை பெயின்ட் ஒரு கோட் அடி. மோட்டார் பக்கம் தெரியாம ஃபோட்டோ எடு. ஆள் நேர்ல வந்தப்புறம் பேசிக்கலாம்."

அப்பா அப்படி எதையும் விற்றதில்லை. வாங்க வந்தவரின் விரலைப் பிடித்துத் தேய்ந்த இடத்தில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வார். ஆகவே விளம்பரத்தின் முதல் வரியிலேயே இல்லாத பொருள்களை எழுதினேன். சித்தப்பா அதைப் படித்துவிட்டு, "இது விளம்பரமா, புகார் மனுவா?" என்றார்.

சில நாள் ஃபோனே வரவில்லை. இரும்புக் கடைக்காரர் மட்டும் தவறாமல் விசாரித்தார். மார்கழிக் கடைசி வாரத்தில் துவாக்குடியிலிருந்து ஒரு ஒர்க்‌ஷாப்காரர் வந்தார். அவரிடம் இருந்த இதே ரக மெஷினில் பாடி விரிசல் விட்டிருந்தது. மோட்டாரும் வைஸும் நன்றாக இருந்தன.

"எல்லாம் முழுசா இருக்குன்னு சொன்ன இடத்துக்கெல்லாம் போய் ஏமாந்துட்டேன்மா. இல்லைன்னு சொல்ற இடத்தையும் ஒரு தடவ பாத்துடலாம்னு வந்தேன்" என்றார்.

டேபிள் ஓடும் தடத்தில் இருந்த தேய்மானத்தில் அவர் விரலை வைத்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் பேரத்தை ஆரம்பித்தார். மோட்டார் இல்லை, வைஸ் இல்லை, ஒரு கைச்சக்கரம் இல்லை, இன்னும் குறைக்க வேண்டும் என்றார். என் பின்னால் நின்ற அம்மா முன்னால் வந்தார்.

"இல்லாததுக்கெல்லாம் பொண்ணு ஏற்கெனவே கழிச்சுட்டா. இருக்கிறதுக்குத்தான் இந்த விலை."

சித்தப்பா சிரிப்பை அடக்க ஷெட்டுக்கு வெளியே போய்விட்டார். வந்தவர் நாங்கள் சொன்ன விலையையே கொடுத்தார்.

தம் வாழ்வின் கடைசி வாரத்திலும் மருத்துவமனைக் கட்டிலின் சக்கரம் கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் கேட்டவர் எங்கள் அப்பா. அந்த நாள்களில் முறைவைத்து அவருடன் தங்கிய உறவினர்களுக்கும், இரவுச் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், செயின் பிளாக் கட்டி மெஷினை வண்டியில் ஏற்றிக்கொடுத்த பக்கத்து ஷெட் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

அப்பாவின் இந்த முதலாண்டு நினைவு மலர் அச்சுக்குப் போகும் இன்று, மெஷின் துவாக்குடியில் ஓடுகிறது. ஷெட் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டோம். இரும்புக் கடைக்காரரிடம் லாரி வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.