பின்பக்கமாக ஒரு பிரதட்சிணம்

ஏழு மதில்களுக்குள் பிறந்து, வளர்ந்து, ரிட்டயரும் ஆனவன் நான். அப்படிப்பட்டவன் மதில் சுவர் பார்க்க ஃப்ளைட் ஏறிக் கடல் தாண்டிப் போனேன் என்றால் ஸ்ரீரங்கத்தில் யாராவது நம்புவார்களா? சித்திரை வீதியில் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டார்கள். "ஏன் சார், இங்கே இருக்கிற சுவரெல்லாம் போதலையா?"

போன மாதம் நாங்கள் போனது ஐரோப்பாவில் ஒரு கடலோரக் கோட்டை ஊர். பெயரை மட்டும் கேட்காதீர்கள். நாலைந்து மெய்யெழுத்துகள் வரிசையாக நின்று வழி மறிக்கின்றன. என் நாக்கு பாதியிலேயே திரும்பி வந்துவிடுகிறது. ராஜாக்கள் காலத்து ஊர். சுற்றிலும் கார் ஓட்டலாம் போல அகலமான மதில். ஒரு பக்கம் கடல். நடுவில் ஒரு பழைய மாதா கோயில். மதில் மேலேயே ஏறி ஊரை முழுசாக ஒரு சுற்று சுற்றி வரலாம். அதற்கு டிக்கெட் உண்டு.

எல்லோரும் அங்கே சுற்றுலா போவார்கள். நாங்கள் நாலு பேர் பரீட்சை எழுதப் போனோம்!

விளக்குகிறேன். என் மகன் முரளிக்கு அந்த நாட்டில் வேலை. மருமகள் ரீனா, திருச்சி பாலக்கரைப் பெண். காதல் கல்யாணம் — ஒரு தடவை சர்ச்சில், ஒரு தடவை மண்டபத்தில். மாப்பிள்ளை, பெண் இருவரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். பிரச்சினை இரண்டு அம்மாக்கள். என் மனைவி பத்மாவும், ரீனாவின் அம்மா ஸ்டெல்லா டீச்சரும் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்ட மொத்தப் பேச்சு — "சௌக்கியமா?", "சௌக்கியம்." அதையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொன்னதில்லை.

இப்போது ரீனாவுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்கு நான்தான் கூட இருப்பேன் என்று பத்மா கிளம்பினாள். பெற்றவள் நான் இருக்கும்போது வேறு யார் என்று ஸ்டெல்லா டீச்சரும் கிளம்பினார். இலவச இணைப்பாக நானும், ரீனாவின் அப்பா அருளப்பனும்.

ஒரே வாரத்தில் அந்தச் சின்ன ஃப்ளாட்டின் சமையலறை எல்லைப் பகுதி ஆகிவிட்டது. காரணம், லேகியம். பிரசவமானதும் கொடுக்க பத்மா ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். "எங்காத்துப் பக்குவம். நானே நின்னு கிண்டினது." ஸ்டெல்லா டீச்சரும் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். "எங்க வீட்டு முறை. என் கையாலயே செஞ்சேன்." இரண்டு பாட்டில்களும் ஃப்ரிட்ஜின் மேல் இரண்டு மூலைகளில் நின்றன. எது முதலில், எது மட்டும், எது மருந்து, எது வெறும் வெல்லப்பாகு... ஜாடையாகவே ஏழு நாள் சண்டை நடந்தது. முரளியும் ரீனாவும் எப்போது பார்த்தாலும் நடுவில் நின்று தபால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் ரீனா பொங்கிவிட்டாள்.

"நாளைக்கு நாலு பேரும் அந்தக் கோட்டை ஊருக்குப் போயிட்டு வாங்க. மதில் மேல சேர்ந்து ஒரு முழு சுத்து. சிரிச்ச முகமா திரும்பி வந்தா, பிரசவம் வரைக்கும் இருங்க. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தீங்கன்னா ரெண்டு அம்மாவோட ரிட்டன் டிக்கெட்டையும் முன்னாடி மாத்திடுவேன். பிள்ளைய நானே பெத்துக்கறேன்!"

அவளேதான் பெற்றாக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பத்மா முறைத்தாள். மூடிக்கொண்டேன்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பத்மா முதல் சீட், ஸ்டெல்லா டீச்சர் கடைசி சீட். நானும் அருளப்பனும் நடுவில் உட்கார்ந்து, பேரப்பிள்ளையின் முகத்தை நம் வீட்டு அம்மாக்கள் வீடியோ காலில்தான் பார்க்கப் போகிறார்கள் என்று கவலைப்பட்டோம். நிஜமாகவே பாவமாக இருந்தது. பத்மா ஆறு மாதமாகக் கைக்குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். அளவு சரியில்லை என்று மூன்று முறை பிரித்திருக்கிறாள்.

கோட்டை வாசலில் டிக்கெட் வாங்கினோம். படியேறி மதில் மேல் போய் நின்றதும் எதிரே கடல். ஆஹா! காற்று அருளப்பனின் தொப்பியைக் கழற்றி ஊருக்குள் எறிந்தது. எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது.

பத்மா ஊர் தன் வலப்பக்கம் இருக்கும்படி திரும்பி நடக்க ஆரம்பித்தாள். மீசை வைத்த காவலாளி ஓடி வந்து கையை விரித்தார். எதிர்த் திசையைக் காட்டினார். சுவரில் பெரிய அம்புக்குறியும் அதையே சொன்னது. ஒருவழிப் பாதை. எல்லோரும் ஒரே திசையில்தான் போக வேண்டும் — அதாவது, ஊரை இடமாகச் சுற்றி.

பத்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே பத்து வீடு தள்ளிக் காய்கறிக் கடை. தெற்கு வீதியில் கிழக்கே நடந்தால் இடமாகச் சுற்றுவதாகிவிடும் என்று, மேற்கே கிளம்பி நாலு வீதியும் வலம் வந்துதான் கடைக்குப் போவாள். வரும்போது இரண்டு நிமிஷம். ஒரு கட்டு கொத்தமல்லிக்கு அரை மணி நேரம். இவளையா இடப்பக்கமாகச் சுற்றச் சொல்கிறீர்கள்?

"அப்பிரதட்சிணமா? நான் மாட்டேன்."

"இது கோயில் இல்லை, பத்மா. கோட்டை."

"நடுவுல கோபுரம் தெரியறதே, அது என்னவாம்?"

"மாதா கோயில்."

"மாதான்னா இளப்பமா? நடுவுல யார் இருந்தாலும் வலமாத்தான் வரணும். பிள்ளைத்தாச்சிய ஆத்துல வெச்சுண்டு என்னை இடமா சுத்தச் சொல்றேளா?"

ஸ்டெல்லா டீச்சரின் புருவம் லேசாக உயர்ந்தது. மாதாவுக்காக பத்மா வாதாடுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

"அம்புக்குறி போட்டிருக்காங்க. முப்பது வருஷம் பிள்ளைங்களை வரிசையில நடத்தினவ நான். ரூல்னா ரூல்."

"அப்ப நீங்க போங்கோ. நான் கீழ உக்காந்துக்கறேன்."

"உக்காருங்க."

முடிந்தது! நாலு பேரும் சேர்ந்து ஒரு சுற்று என்பது ரீனாவின் கண்டிஷன். நான் அருளப்பனைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

எங்களுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. காவலாளிக்குப் பொறுமை போய், இரண்டு கைகளாலும் கோழி விரட்டுவதைப் போல பத்மாவை விரட்ட ஆரம்பித்தார். பத்மா சளைப்பவளா? அவரை முறைத்துக்கொண்டே ஓர் அடி பின்னால் வைத்தாள். அவர் ஓர் அடி முன்னால் வந்தார். இவள் இன்னோர் அடி பின்னால். இப்படியே பத்தடி போயிருப்பாள்.

"சம்பந்திம்மா, நில்லுங்க!" ஸ்டெல்லா டீச்சரின் வகுப்பறைக் குரல். மதிலில் இருந்த அத்தனை பேரும் நின்றார்கள். "இப்ப கோயில் உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

பத்மா பார்த்தாள். "வலப்பக்கம்."

"எந்தப் பக்கமா நகர்றீங்க?"

"இந்தாள் விரட்டற பக்கமா."

"அம்புக்குறியும் அந்தப் பக்கம்தான். அப்படியே பின்னாடியே நடந்தா உங்க சாஸ்திரமும் சரி, அவங்க ரூலும் சரி!"

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் நான். எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

பத்மா யோசித்தாள். பிரதட்சிணத்துக்கு சாமி வலப்பக்கம் இருக்க வேண்டும்; முதுகு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சரி என்றாள். ஆனால் பின்பக்கமாக நடப்பவளுக்கு யார் வழி சொல்வது? ஸ்டெல்லா டீச்சர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

கிளம்பிற்று ஊர்வலம். ஒருவர் முன்னோக்கி, ஒருவர் பின்னோக்கி, நாலு கைகள் கோத்தபடி. இரண்டு வருடத்தில் முதல்முறையாக முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். வேறு எங்கே பார்ப்பது?

"படி வருது."

"எத்தனை?"

"மூணு. மெதுவா... ஒண்ணு... ரெண்டு... இது கொஞ்சம் ஒசரம்."

"விட்டுடாதீங்கோ!"

"விட மாட்டேன்."

பின்னால் நானும் அருளப்பனும் பைகளைச் சுமந்துகொண்டு. எங்களுக்கும் பின்னால் வந்த வெள்ளைக்காரக் கூட்டம் இதை ஏதோ இந்திய யோகா என்று நினைத்துக்கொண்டது. அவர்களில் மூன்று ஜோடிகள் கை கோத்துப் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் இதனால் முழங்கால் வலி போகுமா என்று என்னிடம் கேட்டார். போகும் என்றேன். வேறு என்ன சொல்ல?

கடல் பக்கத்து மதிலில் செங்குத்தாக ஒரு படிக்கட்டு. கீழே அலை அடிக்கிறது. பத்மா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். டீச்சரின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர்... நான் ஒண்ணு சொல்லிடறேன். மனசுல வெச்சுண்டு விழ வேண்டாம்."

"விழ மாட்டீங்க. சொல்லுங்க."

"லேகியம் நான் கிண்டலை. கடையில வாங்கி, லேபிளைச் சுரண்டினேன்."

ஸ்டெல்லா டீச்சர் நடுப்படியில் நின்றுவிட்டார். போச்சு என்று நினைத்தேன். கையை விட்டால் பத்மா நேரே கடலுக்குள்தான்.

"எந்தக் கடை?"

"பெரிய கடை வீதியில... நாட்டு மருந்துக் கடை."

"மூக்குக் கண்ணாடிய நூலால காதுல கட்டியிருப்பாரே, அவர் கடையா?"

"அவரேதான்! உங்களுக்கு எப்படி..."

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "நான் லேபிளை வெந்நீர்ல ஊற வச்சு எடுத்தேன். சுரண்டினா தடம் தெரியும்."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு. படியிலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். மீசைக்காரக் காவலாளி என்னவோ ஏதோ என்று ஓடி வந்து, ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதை எழுத எனக்கென்ன வெட்கம்?

மீதிச் சுற்றில் ரீனா குழந்தையாக இருந்தபோது சாக்பீஸ் தின்ற கதை, முரளி பத்து வயதுவரை இருட்டுக்குப் பயந்த கதை எல்லாம் பரிமாறப்பட்டன. திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட். எங்களுக்குக் கடைசி சீட்.

வீட்டுக் கதவைத் திறந்த ரீனா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்மா நிதானமாகச் சொன்னாள். "நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். ரெண்டாத்து லேகியத்தையும் சரிபாதி கலந்து தரப்போறோம்."

"ரெண்டு வீட்டுப் பக்குவமும் சேர்ந்தா உடம்புக்கு அவ்வளவு நல்லது" என்றார் ஸ்டெல்லா டீச்சர், இமைகூட அசையாமல்.

ரீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முரளி கையெடுத்துக் கும்பிட்டான். அந்தப் புனிதமான நேரத்தில்தான் அருளப்பன் மூக்கால் சிரித்தார். அதைக் கேட்டு நானும்.

இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். நாலு கண்ணும் ஒரே பார்வை பார்த்தன. மறுநாள் காலை, சின்ன ஃப்ளாட்டில் ஆறு பேர் இடைஞ்சல் என்று இரண்டு ரிட்டன் டிக்கெட்டுகள் முன்தேதிக்கு மாற்றப்பட்டன. ஒன்று என்னுடையது. இன்னொன்று யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் பேத்தி பிறந்துவிட்டாள். வீடியோ காலில் பார்த்தேன். ஸ்வெட்டர் கொஞ்சம் பெரிசு. நானும் அருளப்பனும் தினமும் மத்தியானம் திருவானைக்காவலில் ஒரு மெஸ்ஸில் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

லேகிய ரகசியம் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கித்தான் ஃப்ளைட் ஏற்றினார்கள்... தயவுசெய்து நீங்களும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!