ராத்தா சொன்னால்தான் வருவேன்

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன என் தங்கச்சியின் ஒப்பந்தம் முடிந்த பிறகும் முதலாளி அவளை ஊருக்கு அனுப்பவில்லை. பாஸ்போர்ட்டையும் அவரே வைத்துக்கொண்டார். ஒருநாள் களவாகப் போன் கோல் எடுத்து, ஊருக்கு வரவேண்டும் என்று அழுதாள். சாய்ந்தமருதில் எங்கள் வீடு அவளுடைய சம்பளத்தில்தான் எழும்பிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்க புள்ள. கொங்கிரீட் போட்டு முடியட்டும்," என்றேன்.

அதன் பிறகு நான்கு மாதம் அவளிடமிருந்து ஒரு கோலும் வரவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"எனக்கு ஊர் ஆலையடிவேம்பு. இங்க குவைத்தில பக்கத்து வீட்ட வேலை செய்யிறன். உங்கட தங்கச்சிக்கு அந்த வீட்ட அடிக்கிறாங்க. இப்ப என்னோடதான் நிக்கிறா. எம்பசிக்குக் கூட்டிப் போகப்போறன்."

"ஓடி வந்தவளக் கூட்டிப் போகக்குள்ள பொலிஸ் பிடிச்சா உங்களுக்கும் பிரச்சினைதானே?"

"ஓம். அத நான் பாத்துக்கிறன். ஆனா, ராத்தா சொன்னாத்தான் வருவன் எண்டு இவ நிக்கிறா."

ராத்தா என்று அவள் கூப்பிடும் அக்கா நான்தான். இத்தனை நாளும் அவள் என் பேச்சைக் கேட்டுத்தான் அடி வாங்கியிருக்கிறாள்.

"அவக்கிட்டப் போனக் குடுங்க," என்றேன். தங்கச்சி போனை வாங்கியதும் சொன்னேன்.

"வீடு கிடக்கட்டும். நீ வந்திரு புள்ள."

தூதரகத்தில் ஆறு வாரம் தங்கிவிட்டு அவள் ஊர் வந்து சேர்ந்தாள். உம்மா அவளைக் கட்டிப்பிடித்தபடி நெடுநேரம் விடவேயில்லை. சாப்பிடும்போது நான் மன்னிப்புக் கேட்டேன்.

"வந்திட்டன்தானே ராத்தா. இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க," என்றாள்.

இப்போது தெரிந்தவர்கள் யார் வெளிநாட்டிலிருந்து அழுதாலும், ஊருக்கு வர விருப்பமா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.