இளநீர்க் கடல்பாசி

தைராய்டு அறுவைக்குப் பிறகு என் மனைவிக்கு மதுரையில் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் உணவில் அயோடின் கூடாது; சேர்ந்தால் மருந்து பிடிக்காது. மூன்று வேளையும் அவள் சாப்பிட்டதை நாட்குறிப்பில் எழுதிவந்தேன். தைராய்டு மாத்திரையையும் நிறுத்தியிருந்ததால் சோர்வு, மலச்சிக்கல்.

கடல்பாசியில் நார்ச்சத்து அதிகம், குடலை இளக்கும், சுண்ணாம்புச் சத்தும் உண்டு என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். பாலும் கூடாதென்பதால் செவ்வாய் மாலை இளநீரில் காய்ச்சி, உறையவைத்துக் கொடுத்தேன். "தொண்டைக்கு எதமா இருக்குங்க" என்று நான்கு கரண்டி சாப்பிட்டாள். புதனும் கொடுத்தேன். வியாழன் காலை வயிறு இளகியது. அதையும் எழுதினேன்.

மருத்துவமனைத் தாளில் 'கடல் உணவு கூடாது' என்றிருந்தது. எங்கள் வீட்டில் அது மீன், இறால், நண்டு. கார்த்திகை விரதத்தன்றுகூடச் செய்கிற கடல்பாசியை அதில் சேர்க்க எனக்குத் தோன்றவேயில்லை. வெள்ளிக்கிழமை அதே புத்தகத்தைப் புரட்டியபோது அடுத்த பக்கத்தில் இருந்தது: கடல்பாசிகளில் அயோடின் உண்டு, தைராய்டு நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

சிகிச்சைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. சிகிச்சை முடிந்தவர் உடலில் கதிர்வீச்சு இருக்கும் என்பதால் சில வாரம் குழந்தைகளை நெருங்கக் கூடாது. தள்ளிப்போனால், குன்றக்குடியில் பேத்திக்கு முடியிறக்கும் நாள் அந்த வாரங்களுக்குள் விழும். அதற்காகத்தான் அவள் மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே நாள் வாங்கியிருந்தாள்.

சொன்னேன். அவள் புத்தகத்தை வாங்கி மூடிவைத்தாள்.

"ஊருல உள்ள பொஸ்தகமெல்லாம் படிக்கிறீக. இன்னொரு பக்கம் புரட்டுனா கையி வலிக்குமாக்கும்?"

"ரெண்டு நாள்தானே. டாக்டர்ட்ட சொல்லாம விட்டுட்டா?"

"மருந்து பிடிக்காமப் போயி, திரும்ப ஒருக்கா நான் போய்ப் படுக்கவா? எழுதி வச்சிருக்கீகள்ல, அப்படியே வாசிங்க. போனப் போடுங்க."

மருத்துவர் இரண்டு வாரம் தள்ளிவைத்தார். முடியிறக்கியதை அவள் அறைக்குள்ளிருந்து செல்போனில்தான் பார்த்தாள். "காதுக்குப் பின்னால சந்தனம் படலயே, நல்லாத் தடவுங்க" என்று மலைமேல் நின்ற என்னை விரட்டினாள்.

விடுப்பை நீட்டித்துக் காத்திருந்த மகள், தனிமை முடிந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கொண்டுவந்து என் மனைவியின் மடியில் வைத்தாள். முடி அதற்குள் முள்முள்ளாக முளைத்திருந்தது. அந்தத் தலையைத் தடவிக்கொண்டே, "அந்தக் கடல்பாசியச் செய்ங்களேன், இப்பத் திங்கலாம்ல?" என்றாள்.

மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன்.