மூத்தவள் பேரோடு சேராத நாற்பத்துமூன்று பேர்கள்

டைல்ஸ் கடையில் அவனுக்கு 'மேட்சிங்' என்றுதான் பேர். முதலாளி வைத்த பட்டம். சுவருக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று ஜோடி சேர்த்துக் கொடுப்பதில் பதினோரு வருஷ அனுபவம். கலர் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பெட்டிகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. யாராவது டைலைக் கையில் பிடித்துப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. வாங்கி, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வந்தவரைப் பத்தடி தள்ளி நிற்கவைத்து, "இப்பப் பாருங்க சார்" என்பான். அவன் வீட்டுக் குளியலறையில் மட்டும் கடையில் மிஞ்சினது நாலு நிறத்தில் ஒட்டிக் கிடந்தது. அதை யாரும் பார்க்காதவரை அவன் பெரிய ஆள்தான்.

இப்பேர்ப்பட்டவனுக்கு இரண்டாவதும் பெண் பிறந்தது. "இவளுக்கு நான்தான் பேர் வைப்பேன்" என்று முந்திக்கொண்டான். மூத்தவளுக்கு வைத்தது மனைவி. பிறந்த மறுநாள் நர்ஸ் பேர் கேட்டு வந்து நின்றாள். மனைவி பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவன் கீழே டீ குடிக்கப் போயிருந்தான். அஞ்சு வருஷமாக அந்த டீயைச் சொல்லிச் சொல்லியே புலம்பிக்கொண்டிருந்தான்.

"சரி, நீங்களே வைங்க" என்றாள் மனைவி. "ஆனா ரெண்டையும் சேர்த்துச் சொன்னா அக்கா தங்கச்சி மாதிரி இருக்கணும். அவளுக்கு மட்டும் ஏன் நல்ல பேருன்னு நாளைக்கு ஒருத்தி வந்து நிக்கக் கூடாது."

இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அவனிடம் போய்ச் சொன்னாள்.

மறுநாளே கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து துண்டு துண்டாக நறுக்கினான். துண்டுக்கு ஒரு பேர். எல்லாம் அந்தக் காலத்துப் பேர்கள். புதுசாக முளைத்த பேர் எதுவும் ஆகாது. வெள்ளை டைல் மாதிரி எத்தனை வருஷமானாலும் அலுக்காத பேராக இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. மூத்தவள் பேரை எழுதிய அட்டையைக் கூடத்துத் தரையில் வைத்து, பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு, பத்தடி பின்னால் போய்ப் பார்த்தான். கூடமே எட்டடிதான். மிச்ச ரெண்டடிக்குச் சமையலறைக்குள் போய் நின்றான்.

"ஏங்க, பேர் வைக்கிறீங்களா, தரை போடுறீங்களா?" என்றாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்த மனைவி.

கண்ணால் பார்த்தால் மட்டும் போதுமா, காதுக்கும் வேண்டாமா என்று வாசலில் நின்று இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டும் பார்த்தான். எதிர்வீட்டு நாய் எழுந்து வந்தது. மூன்று வாரத்தில் நாற்பத்துமூன்று அட்டைகள் ஆகிவிட்டன, ஒன்றும் சேரவில்லை. நல்ல பேராகத்தான் இருக்கும், மூத்தவள் பேருக்குப் பக்கத்தில் போட்டதும் ஒன்று மங்கிப்போகும், ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். மூத்தவள் பேர் மூன்றே எழுத்து. கனமான பேர், சொல்லி முடித்தால் கதவைச் சாத்தின மாதிரி நின்றுவிடும். என்ன பேர் என்று கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் பத்தடி தள்ளி நின்று பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அப்போதுதான் அவனுக்கு மண்டையில் பல்பு எரிந்தது. குற்றம் நாற்பத்துமூன்றிலும் இல்லை, முதல் அட்டையில்தான் இருக்கிறது. பழைய டைலோடு புதுசு சேராவிட்டால் கடையில் என்ன சொல்வான்? "பழசைப் பேத்துடுங்க சார், ரெண்டையும் புதுசாப் போட்டா கண்ண உறுத்தாது" என்பான். நேரே பதிவு அலுவலகத்துக்குப் போனான். சின்னவளுக்குப் பேர் பதிய ஒரு படிவம், பெரியவளுக்குப் பேர் மாற்ற ஒரு படிவம் என்று இரண்டு வாங்கி வந்தான். அஞ்சு வயசுதானே, ஒரு மாசத்தில் மறந்துவிடுவாள் என்று வேறு கணக்குப் போட்டான். பின்னாளில் இந்தக் கதையை அவனே கடையில் சொல்லும்போது, "அந்த எடத்துல எவனாவது என் முதுகுல ஒண்ணு வச்சிருக்கலாம்" என்பான்.

மனைவி படிவத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது" என்று குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

மூத்தவள் அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை, அவள் பேர். பச்சை ஸ்கெட்ச் பேனாவால் அதைச் செருப்பில், சுவரில், தங்கச்சியின் பால் டப்பாவில் எல்லாம் எழுதிவைத்திருந்தாள். படிவங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு தரையில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"பாப்பாவுக்குப் புதுப் பேர் வைக்கிறோம்ல? உனக்கும் ஜோடியா ஒண்ணு வச்சிரலாமா?"

"என் பேர் நல்லா இல்லையாப்பா?"

"நல்லாத்தான்மா இருக்கு. பாப்பா பேரோட சேர மாட்டேங்குது."

"அப்ப என் பேர் எங்க போகும்?"

"எங்கயும் போகாது. சும்மா இருக்கும்."

அவள் படிவங்களைப் பார்த்தாள். "சும்மா இருந்தா பாப்பாவுக்கே குடுத்துடுங்க. நான் வேற எடுத்துக்கறேன்" என்றாள். அப்புறம் மெதுவாக, "ஆனா எனக்கு அது ஒண்ணுதாம்பா எழுதத் தெரியும்" என்றாள்.

ஆசையாக வைத்திருக்கிற ஒரே பொருளையும் தங்கச்சிக்குத் தூக்கிக் கொடுக்கிற பிள்ளையிடம் போய், உன் பேர் சேரவில்லை என்று சொல்லிவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்து உள்ளே போனான்.

"நீயே சின்னவ முகத்தைப் பார்த்து ஒரு பேர் சொல்லு" என்றான் மனைவியிடம்.

"நீங்க?"

"நான் போய் டீ போடுறேன்."

டீ கொதிப்பதற்குள் பேர் வந்துவிட்டது. பெரியவள் பேரோடு துளியும் சேராத பேர். அவனுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் சின்னவள் படிவத்தை உறையிலிருந்து உருவி நீட்டினான். எழுத்தர் கையெழுத்தைச் சரிபார்த்து முத்திரை குத்தினார். பிறகு அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது? பழைய பேருன்னு போட்டதும் இதுதான், புதுப் பேருன்னு போட்டதும் இதுதானா?"

அவன் எட்டிப் பார்த்தான். நேற்று அவன் காலியாக விட்டிருந்த கட்டத்தில் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் மூன்று எழுத்து. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது கோட்டுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது.

"இதுல நான் எதைத்தான் மாத்தறது?" என்றார் எழுத்தர்.

"ஒண்ணும் மாத்த வேண்டாம் சார்" என்று தாளை வாங்கிக்கொண்டான். "இந்தத் தடவை அவளே வச்சுக்கிட்டா."