கார்குழலி போட்ட முதல் பக்கம்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். மில்லில் எண்ணெய் ஊற்றும் வேலையில் ஆரம்பித்து, இன்று சொந்தமாக ஒரு பட்டறையும் ஒரு விசைப்படகும் வைத்திருக்கிறேன். யார் தயவும் கிடையாது. வம்பாகீரப்பாளையம் கரையில் என் கை படாத எஞ்சின் இல்லை. சாமிக்கண்ணு காதை வைத்துக் கேட்டாலே நோவு என்னவென்று சொல்லிவிடுவான் என்பார்கள். உண்மைதான். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என் படகு டிரைவர் கன்னியப்பனின் மனைவி கார்குழலியைப் பற்றி.

அவளுடைய அம்மா ஆதிலட்சுமி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவள். விற்ற காசில் மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். மகளுக்கு மூலக்குளத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. எஞ்சின், பம்ப், ஜெனரேட்டர் இவற்றின் மேனுவல்களை இன்டர்நெட்டில் ஏற்றும் கம்பெனி. ஒரு மேனுவலே ஆயிரத்து இருநூறு பக்கம் வரும். நீல எழுத்தைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும், அதற்கு லிங்க் என்று பெயர். எந்த லிங்க் எங்கே போகவேண்டும் என்று ஒழுங்கு பண்ணுவது அவள் வேலை.

"இதுக்கு ஒரு சம்பளமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மாமா, ஒரு போல்ட்டத் தேட நீங்க பட்டற பூரா கொட்டிக் கவுக்கறீங்களே, எவ்ளோ நேரம் ஆவுது? அந்த நேரத்தக் கொறைக்கத்தான் எனக்குச் சம்பளம்."

வாய் கொஞ்சம் அதிகம். வேலையும் அப்படித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கேரளாவிலிருந்து என் படகுக்குப் பழைய எஞ்சின் ஒன்றை, காகிதம் எதுவும் இல்லாமல், வாங்கி வந்தேன். பழையது என்றாலும் எலெக்ட்ரானிக். அதன் மேனுவலை ஒழுங்கு பண்ணும் வேலை அவள் கையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தாள். புருஷனிடம் போனைக் கொடுத்து, "ஆயில் பில்டர் மாத்தற பக்கத்தத் தேடு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணினாள். பதினோரு தடவை தொட்டான் கன்னியப்பன். கடைசியில் அவள் சோதனைக்குச் சொன்ன மாடலை விட்டு வேறு மாடலின் பக்கத்தில் போய் நின்றான். மூன்று மாடல்களும் அந்த மேனுவலில் கலந்து கிடந்தன.

"செத்த லிங்க்கு பரவால்ல மாமா, தெறக்காது, அவ்ளோதான். தப்பான எடத்துல தெறக்கறதுதான் ஆளக் கொல்லும்" என்றாள்.

மூன்று மாதம் உழைத்தாள். முதல் பக்கத்திலேயே மாடல் எண்ணைக் கேட்கும்படி செய்தாள். எண்ணைப் போட்டால் அந்த மாடலின் பக்கங்கள் மட்டும் திறக்கும், போடாவிட்டால் ஒன்றும் திறக்காது. கம்பெனியில் கைதட்டினார்களாம். நானும், "பரவால்ல, தொழில் தெரிஞ்சவதான்" என்று சொன்னேன். நான் அவ்வளவு லேசில் யாரையும் சொல்வதில்லை.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. காற்று ஏறும் என்று அறிவிப்பு வந்து படகுகளெல்லாம் திரும்பிவிட்டன. என் படகு கடைசி. கரையிலிருந்து பார்த்தால் ஆள் தலை தெரியும் தூரத்தில் வந்து நின்றுவிட்டது. போன் அடித்தது.

"மாமா, தானா நின்னுபோச்சு. செவப்பு லைட்டு மின்னுது" என்றான் கன்னியப்பன்.

"சத்தம் எப்படி இருந்துது?"

"சத்தமே இல்ல மாமா. லைட்டு மட்டும் மின்னுது."

ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக என் காதுக்கு வேலை இல்லாமல் போனது. வாடைக்காற்று படகைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரம் போட்டும் பிடிக்கவில்லை, இழுத்துக்கொண்டே வந்தது. எதிரே கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல். படகில் ஐந்து பேர். உதவிக்குப் போக இரண்டு பேர் சின்ன பைபர் படகைத் தள்ளினார்கள். அலை அதைத் திருப்பிக் கரையிலேயே எறிந்தது.

சனிக்கிழமையில் கார்குழலிக்கு வீட்டிலிருந்தே வேலை. விஷயம் தெரிந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்தாள். அவளுக்கும் கன்னியப்பன் போன் போட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"மே, ஒன் மேனுவலத் தெறந்தேன். மாடல் நம்பர் கேக்குது."

"எஞ்சினுக்கு எடதுபக்கம் நேம் பிளேட்டு இருக்கும்யா. பாத்துச் சொல்லு."

"பிளேட்டு எங்க தெரியுது? எல்லாம் பச்ச பெயிண்டு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகோடு எஞ்சினுக்கும் பெயிண்ட் அடித்து மஞ்சள் குங்குமம் வைப்பது இந்தக் கரையில் எல்லோரும் செய்வது. என் எஞ்சின்தான் இருப்பதிலேயே பளபளப்பு. நானே அடித்தது.

"சொரண்டுய்யா! கத்தியால சொரண்டு!"

போனில் கத்தி தகட்டைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"சொரண்டிட்டேன் மே. வெறுந்தகடு. ஒரு எழுத்தில்ல."

"மாமா, பெயிண்டுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டுத் தேச்சீங்களா?"

"தேய்க்காம அடிச்சா பெயிண்டு நிக்காதும்மா" என்றேன்.

"மீன்காரி மவ நான். வருசா வருசம் இதப் பாத்து வளந்தவ. எனக்கு எப்படித் தோணாம போச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சிவப்பு விளக்கு பற்றிய பக்கத்தைத் தேடித் தொட்டாள். மாடல் எண் கேட்டது. மறுபடி தொட்டாள். மறுபடியும் கேட்டது. அவள் போட்ட கதவு அவளையே உள்ளே விடவில்லை. குருட்டாம்போக்கில் சொல்லவும் முடியாது. ஒரு மாடலில் ஸ்டாப் பட்டனை இருபது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தால் எஞ்சின் விடுபட்டு ஸ்டார்ட் ஆகும். மற்ற இரண்டிலும் அப்படிச் செய்தால் அரைமணி நேரம் பூட்டிக்கொள்ளும். அந்தக் காற்றில் அரைமணி கிடையாது. கால்மணி இருந்தால் பெரிது.

கம்பெனி ஆட்கள் மட்டும் திறக்கும் மேனுவல் பிரதிக்கு இந்தக் கதவு இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதைத் திறந்து மூன்று மாடலின் படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆயில் ஊத்தற மூடி மேலயா, சைடுலயா?"

"சைடு" என்றேன் நான். ஒரு மாடல் கழிந்தது.

"யோவ், டீசல் பில்டர் எத்தன இருக்குது?"

"ரெண்டு மே."

"ரெண்டா? அப்போ பட்டனத் தொடாத. இந்த மாடல்னா பூட்டிக்கும். தொடவே தொடாத!"

நான் குறுக்கே கத்தினேன். "இரும்மா! ஒண்ணு நான் போட்டது! டீசல்ல தண்ணி வருதுன்னு நானே மாட்டுனேன். கம்பெனி குடுத்தது ஒண்ணுதான்!"

"சத்தியமா மாமா?"

"சத்தியமா."

"பட்டன அழுத்திப் பிடிய்யா. இருபது எண்ணு. நடுவுல விட்டுடாத."

போனில் அவன் எண்ணினான். பதினாலில் லைன் அறுந்துவிட்டது. அவள் உதடு மட்டும் எண்ணிக்கொண்டே போனது. இருபது தாண்டியது. முப்பது தாண்டியது. அப்புறம்தான் கரும்புகை வந்தது.

ஆனால் திருப்ப இடம் இல்லை. படகின் பின்பக்கம் கடைசிக் கல்லில் மோதி, சுக்கான் போய்விட்டது. கன்னியப்பன் எஞ்சினை முழுக்க முடுக்கிக் கல்லுக்குப் பக்கத்து மணலில் ஏற்றினான். அடிப்பலகை பிளந்த சத்தம் கரைக்குக் கேட்டது. நாலு பேர் இடுப்புத் தண்ணீரில் இறங்கி வந்தார்கள். கடைசியாக அவன், கையில் ரத்தத்தோடு.

"வாசப்படியிலயே நிக்க வெச்சிட்டியேமே" என்றான்.

அவள் அழவில்லை, அவனைத் தொடவும் இல்லை. ஈர மணலில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, அந்த முதல் பக்கத்தை மேனுவலிலிருந்தே எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கம்பெனியிலிருந்து போன்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"என் புருசனக் கேட்டு சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க என்னைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்தில் ஏறி இறங்கினாள். அறுபது எஞ்சின்களைப் பெயிண்டோடு படம் எடுத்தாள். ஒவ்வொரு ஓனரிடமும், "நீங்களா என்னா மாட்டியிருக்கீங்க? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டாள். நான் கூட நின்றதால்தான் சொன்னார்கள், மற்றவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். இப்போது அந்த மேனுவலைத் திறந்தால் சிவப்பு விளக்கும் புகையும் முதலில் வரும். மாடல் எண் தெரியாதவர்களுக்குத் தனி லிங்க் இருக்கிறது. அதைத் தொட்டால் நாங்கள் எடுத்த படங்கள் வரும், ஒப்பிட்டு மாடலைக் கண்டுபிடிக்கலாம்.

என் படகு இன்னும் ரிப்பேருக்காகக் கரையில் கட்டை மேல் கிடக்கிறது. கன்னியப்பன் வேறொருவர் படகில் போகிறான். அவன் கடலுக்குப் போகிற நாளெல்லாம் கார்குழலி போனை எடுத்து, மேனுவலின் லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள். சரியான இடத்தில் திறக்கிறதா என்று பார்த்து, அடுத்ததுக்குப் போகிறாள். நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது, "சோறு தின்னியாம்மா?" என்று கேட்டேன்.

"இருங்க மாமா, முந்நூத்திப் பத்து" என்றாள். கன்னியப்பன் போன படகு அதுவரை வரவில்லை.