நாற்று விற்ற காசு

மூதூர் றஊப் காக்காவைப் பொய்யர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அவரும் பொய் சொல்கிற மனுசன் இல்லை. ஒரேயொரு தடவை உண்மையில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டார். இந்த நோன்பு தொடங்கியதிலிருந்து அதை நினைத்துத்தான் தவித்துக்கொண்டிருந்தார்.

கட்டைபறிச்சானில் அவருக்கு அரை ஏக்கர் மணல் காணி. வேலிக்கு அந்தப் பக்கம் தயாளினியின் காணி. புருசனை இழந்தவள்; கச்சான் கடலை போட்டுத்தான் இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள். பன்றி கிளறியதுபோக மிஞ்சும் கச்சானில் ஒரு சட்டி அவித்து, ஒவ்வொரு நோன்பிலும் ஒருநாள் காக்கா வீட்டுக்குக் கொண்டுவருவாள். காக்காவின் மனைவி ஸல்ஹா பதிலுக்கு நோன்புக்கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிடுவாள்.

காக்கா வெட்டிவேர் நட்டார். பதினைந்து மாதம் பொறுத்து வேர் கிண்டி, வாசனைத் தைலம் வடிக்கும் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்தார். எல்லாமாக மூன்று இலட்சம் கைக்கு வந்தது. தேத்தண்ணிக் கடையில் அந்த மூன்று இலட்சம்தான் கதை. வேலிக்கு மேலால் தயாளினிக்கும் சொன்னார்.

"தங்கச்சி, பன்றி இதில வாய் வைக்காது. அரை ஏக்கருக்கு மூணு லட்சம்! கச்சானோட ஏன் கிடந்து மாரடிக்கிறீங்க?"

அவர் சொல்லாமல் விட்டது இது. வேர் விற்று வந்தது வெறும் தொண்ணூறாயிரம். மிச்சமெல்லாம் வேரை வெட்டியபின் தூரைப் பிரித்து நாற்றாக விற்ற காசு. ஒரு விவசாயச் சங்கம் அதை ஒரே தடவையில் அள்ளிக்கொண்டு போனது. பிறகு நாற்று வாங்க அந்தச் சங்கமே இல்லை. வேர் கிண்டிய கூலியைக் கழித்தால் தொண்ணூறாயிரத்தில் என்ன மிஞ்சும்? மண்தான். இதெல்லாம் தெரிந்த மனுசன்தான் தயாளினிக்கும் நாற்று விற்றார்.

பதினைந்து மாதம் அவள் காணியில் வேறொன்றும் விளையவில்லை. தோடு அடகுக்குப் போனது. ஆறு பேர் நான்கு நாள் நின்று வேர் கிண்டினார்கள். வியாபாரி தந்த காசு கூலிக்கே காணவில்லை. அதன்பிறகு காக்கா அந்தக் காணிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பதினேழாம் நோன்பு. திறக்க அரைமணித்தியாலம் இருக்கையில் தயாளினி வந்தாள். கையில் சட்டி இல்லை. கடையில் வாங்கிய பேரீச்சம்பழப் பெட்டி.

"இந்த முறையும் கச்சான் இல்லைக் காக்கா. வேர் வெட்டின தூரைத் திருப்பி நட்டு, காணி முழுக்க நாத்துத்தானே நிக்குது. வெறுங்கையோட வர மனம் வரேல்லை."

ஸல்ஹா புருசனைத் திரும்பிப் பார்த்தாள். முழுக் கணக்கும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். காக்கா தொப்பியைச் சரிசெய்தார்.

"எனக்குக் கைராசியில்லை," தயாளினி சிரித்தாள். "கழுவேக்க வேரை அறுத்துப்போட்டனோ, முந்திக் கிண்டிப்போட்டனோ தெரியாது. உங்களுக்கு மூண்டு லட்சம் தந்த அதே நாத்துத்தானே! இலங்கைத்துறையில கஜந்தி எண்டொரு பிள்ளை என்னட்டை நாத்துக் கேக்கிறாள். உங்கட கணக்கைத்தான் அவளுக்குச் சொன்னனான். நாளைக்குக் கூட்டிவாறன், உங்கட வாயால ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அந்தக் காசு வந்தா தோட்டை மீட்டிடுவன்."

அட ஆண்டவனே! ஓம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தோடு மீளும், காக்காவின் பெயரும் கெடாது. நட்டம் கஜந்தியின் தலையில் விடியும். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தும் வராத தலைச்சுற்று காக்காவுக்கு அப்போது வந்தது.

"அந்தப் பிள்ளையக் கூட்டி வராதீங்க தங்கச்சி," என்றார். தொண்ணூறாயிரத்தைச் சொன்னார். கூலியைச் சொன்னார். சங்கத்தைச் சொன்னார். "தெரிஞ்சிதான் உங்களுக்கு நாத்து வித்தநான். நல்லா ஏசுங்க என்னை."

தயாளினி ஏசவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். மண்வெட்டி பிடித்த காய்ப்பு இன்னும் போகவில்லை.

"அப்ப என்ர கையில பிழையில்லையோ காக்கா? ஆறு மாசமாப் பிள்ளையளுக்கு முன்னால என்னைத்தானே நான் ஏசிக்கொண்டிருக்கிறன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"கஜந்தி, நாத்து வேண்டாம் பிள்ளை. அதில லாபம் இல்லை. இல்லையில்லை, காக்கா சரியாத்தான் சொன்னவர். நான்தான் பிழையா விளங்கிப்போட்டன்."

காக்கா பாயிலிருந்து எழும்பிக் கையை நீட்டினார்.

"போனை இங்க தாங்க தங்கச்சி. நான் சொல்றன்."

பள்ளியில் பாங்கு சொன்னார்கள்; நோன்பு திறக்கும் நேரம். ஸல்ஹா பேரீச்சம்பழத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். காக்கா இன்னும் போனில், தொண்ணூறாயிரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.